மூன்றரை மணி நேரம் எங்கே போனது?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். வயது 61. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர், தேதி, கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டு அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“டல்லாஸில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். ஐப்பசியில் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். மதுரையில் மாலை 4.50க்கு விமானம், 6.10க்குச் சென்னை. அங்கிருந்து இரவு 9.45க்கு வளைகுடா வழியாக டல்லாஸ். புதன்கிழமை 12 மணிக்கு ராகு காலம் என்பதால் பதினொன்றரைக்கே வீட்டை விட்டு இறங்கிவிட்டோம். 2 மணிக்கு மதுரை விமான நிலையத்தில் இருந்தோம்.

2.40க்கு ஒரு எஸ்எம்எஸ்: விமானம் 5.30க்கு என்று. 3.15க்கு நானே கவுன்டருக்குப் போய், 9.45 டிக்கெட்டைக் காட்டி, ‘இதைப் பிடித்துவிடலாமா?’ என்று கேட்டேன். ‘கண்டிப்பா பிடிச்சிடலாம் மேடம்’ என்றாள் அங்கிருந்த பெண். 4.45க்கு அடுத்த எஸ்எம்எஸ்: 6.15. ஆறு மணிக்கு இன்னொன்று: 7.15. கடைசியில் கிளம்பியது 7.25க்கு. நடுவில் 5.40க்கு வேறு கம்பெனியின் சென்னை விமானம் எங்கள் கண் முன்னாலேயே நேரத்துக்குப் போனது. காரணம் கேட்டால் முதலில் ‘ஆபரேஷனல் ரீசன்’ என்றார்கள், அப்புறம் ‘சென்னையில் மழை’ என்றார்கள். 7 மணிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் கொடுத்து, ஒரு தாளில் இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சென்னையில் இறங்கும்போது 8.40. பெட்டி வர 9.05. இவருக்கு மூட்டு வலி. நான் டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓட, இவர் பின்னால் வர, பன்னாட்டு முனையத்தின் கவுன்டரைத் தொட்டபோது 9.20. பெட்டி போகும் பெல்ட் நின்றிருந்தது. கவுன்டரில் இருந்த பையன் ஒன்றும் சொல்லாமல் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான்.

வராமல் போனதற்கான கட்டணம், டிக்கெட் விலை வித்தியாசம் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 92,400 ரூபாய் கட்டி, அதே கம்பெனியின் வெள்ளிக்கிழமை விமானத்துக்கு மாற்றிக்கொண்டோம். லாட்ஜுக்கு 5,600. வெள்ளி சாயங்காலம் லாட்ஜில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேத்தி பிறந்துவிட்டாள். டல்லாஸில் இறங்கினால் ஒரு பெட்டியைக் காணோம். நான்கு நாள் கழித்து, பூட்டு உடைந்து, பிரசவ லேகிய பாட்டில் நொறுங்கி, துணியெல்லாம் ஊறி வந்து சேர்ந்தது.

டிக்கெட் போட்டுத் தந்தது காரைக்குடியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் தம்பி. எங்கள் அம்மான் வீட்டு வழியில் பழக்கம். ‘ரெண்டும் தனி டிக்கெட் ஆச்சி, அதான் 11,000 கம்மி. நடுவுல மூணரை மணி நேரம் கெடக்கு, ஒண்ணும் ஆகாது’ என்று அவன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது இன்னும் போனில் இருக்கிறது.

என் தம்பி மகன் ‘25 லட்சம் கேட்டு கேஸ் போடுங்க’ என்கிறான். இவர், வெளிநாட்டில் மூன்று மணி நேரம் லேட்டானால் 600 யூரோ தருகிறார்களாமே, நமக்கு வராதா என்கிறார். கையெழுத்துப் போட்டதால் எல்லாம் போச்சு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கேஸ் என்றால் சென்னைக்கு அலைய வேண்டுமா? தப்பு டிராவல்ஸ் தம்பி மேலா? வரும் ஐப்பசியில் பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு மறுபடி போகிறோம். நடுவில் எத்தனை மணி நேரம் விடுவது?”

ஆச்சி, முதலில் பேத்திக்கு வாழ்த்து.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டைரிப் பக்கத்தின் படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். 2.40, 3.15, 4.45, 5.40 என்று பென்சிலில் வரிசையாக நேரம், எதிரே ஒவ்வொரு வரி, ஓரத்தில் ‘தண்ணீர் பாட்டில் 2, ரூ. 140’ என்று செலவு. நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் ரங்கூன் கடைக் கணக்குப் பேரேடு மூன்று தலைமுறையாகப் பரணில் பத்திரமாக இருக்கும், போன மாதம் பயணம் போன போர்டிங் பாஸ் மட்டும் இருக்காது. நீங்கள் அப்படி இல்லை. அந்தப் பென்சில் பக்கத்தை நம்பித்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். 6.10க்கு இறங்கி 9.45க்கு ஏறினால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். ஆனால் பன்னாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால் கவுன்டரை மூடிவிடுவார்கள். ஆகவே உங்கள் கெடு 9.45 இல்லை, 8.45. அதில் பெட்டி வர 25 நிமிடம், முனையம் மாறி வரிசையைத் தொட 15 நிமிடம் போய்விட்டது. உண்மையில் உங்கள் கையில் இருந்த இடைவெளி இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. மூட்டு வலியால்தான் தவறியது என்று உங்கள் வீட்டுக்காரர் மனசுக்குள் வைத்திருந்தால், தயவுசெய்து இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா

உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை இதில் இருக்கிறது. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட் எண்ணில் இருந்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டு சேர்ப்பது அவர்கள் தலைவலி. நீங்கள் 92,400 ரூபாய் கட்டும் பேச்சே வந்திருக்காது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2010இல் கொண்டுவந்து பிறகு திருத்திய விதிகளிலும் இது இருக்கிறது. ஒரே டிக்கெட் எண்ணில் உள்ள இணைப்பு விமானம் தவறினால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது இழப்பீடு. தொகை பெரிதில்லை. கடைசி ஊர் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்புதான் பெரிது.

உங்களுடையது இரண்டு தனி டிக்கெட். எனவே இந்த விதி உங்களுக்கு வராது. வெறும் தாமதத்துக்கு என்று இந்தியாவில் நிர்ணயித்த ரொக்க இழப்பீடும் கிடையாது. மதுரை–சென்னை போன்ற குறுகிய பயணத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். உங்கள் தாமதம் 2 மணி 35 நிமிடம், பிஸ்கட்டோடு முடிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் போதுமா என்று சண்டை போடலாம், ஆனால் அந்தச் சண்டையில் வருமானம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட 600 யூரோ ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் வருடச் சட்டம். அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கும், அந்த நாட்டுக் கம்பெனி விமானத்தில் அங்கே போகிறவர்களுக்கும்தான் அது பொருந்தும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பறந்தவருக்கு அதில் இடமில்லை. உங்கள் வெளிநாட்டுக் கம்பெனி மேலும் இந்த விஷயத்தில் குறை சொல்ல வழியில்லை. அவர்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது, நீங்கள்தான் அங்கே இல்லை.

அந்த ராத்திரி நீங்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். கோபத்தில் வேறு கம்பெனியில் புது டிக்கெட் எடுக்காமல், பழைய டிக்கெட்டையே பணம் கட்டி மாற்றினீர்கள். போகும் பயணத்துக்கு வராமல் போனால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணத்தையும் பெரும்பாலான கம்பெனிகள் ரத்து செய்துவிடும். டல்லாஸ் விமான நிலையத்தில் நின்று அதைத் தெரிந்துகொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

உள்நாட்டு கம்பெனி மேல் வழக்கு நிற்குமா

நிற்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் எழுந்து, “எங்கள் ஒப்பந்தம் மதுரையிலிருந்து சென்னை வரைதான். அதற்கப்புறம் அவர்கள் டல்லாஸ் போகிறார்களா, பூந்தமல்லி போகிறார்களா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவைக் காட்டுவார். ஒப்பந்தம் போடும்போது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டத்துக்குத்தான் ஈடு, தொலைதூர நஷ்டத்துக்கு இல்லை என்பது அதன் சாரம். இது வலுவான வாதம், லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? கேரேஜ் பை ஏர் ஆக்ட் என்கிற 1972ஆம் வருடச் சட்டம், தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு விமானக் கம்பெனியைப் பொறுப்பாக்குகிறது. தாமதத்தைத் தவிர்க்க நியாயமாக எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கையையும் எடுத்தோம் என்று அவர்கள் நிரூபித்தால்தான் தப்பலாம். நிரூபிக்கும் பாரம் அவர்களுடையது, உங்களுடையது இல்லை. டிக்கெட்டில் பொடி எழுத்தில் ‘நேரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்று இருப்பதை நினைத்து ஆச்சிமார்கள் பலர் பயப்படுகிறார்கள். பொறுப்பை மொத்தமாகக் கழற்றிவிடும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸ் நான்கு மணி நேரம் தாமதமாகப் போய், அதில் வந்த குடும்பம் ஜம்முவில் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டது. டாக்ஸி பிடித்து ஸ்ரீநகர் போனார்கள், அங்கே பதிவு செய்திருந்த படகுக்கான பணமும் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 செப்டம்பரில் ரயில்வே 30,000 ரூபாய் தர வேண்டும் என்பது உறுதியானது. கவனியுங்கள், ரயில் டிக்கெட் வேறு, விமான டிக்கெட் வேறு. ரயில்வேக்கும் அந்த விமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாமதத்துக்கு என்ன காரணம் என்று ரயில்வே விளக்கி நிரூபிக்கவில்லை, அதுதான் தீர்ப்பைத் திருப்பியது. ‘தனி டிக்கெட், ஆகவே பேச்சே இல்லை’ என்று யார் சொன்னாலும் இந்தத் தீர்ப்பை எடுத்து வைப்பேன்.

எல்லாவற்றையும் விட, அந்த 3.15. நீங்கள் 9.45 டிக்கெட்டைக் காட்டிக் கேட்டீர்கள். அந்த நிமிடத்திலிருந்து ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற வாதம் பாதி செத்துவிட்டது. அப்போதே ‘சந்தேகம்தான், 5.40 விமானத்தில் இடம் இருக்கிறதா பாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் நீங்கள் பணம் கட்டியாவது அதில் போயிருப்பீர்கள். மகளுக்குப் பிரசவம் என்று போகிற தாய் ஐயாயிரம் பார்த்திருக்க மாட்டாள். வெறும் தாமதத்தின் மேல் வழக்கு போட்டால் இழுபறி. தவறான தகவல் கொடுத்து மாற்று வழியை அடைத்தார்கள் என்பதன் மேல் போட்டால் நிற்கும். மனுவை நான் எழுதினால் முதல் பத்தியே அந்தக் கவுன்டரில்தான் தொடங்கும்.

ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பியதைக் கேலி செய்கிறார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அது உங்களுக்குச் சாதகம், ஆச்சி. 2 மணிக்கே விமான நிலையத்தில் இருந்தவரைப் பார்த்து ‘கடைசி நேரத்தில் வந்தார்’ என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தக் கையெழுத்து பற்றியும் கவலை வேண்டாம். பிஸ்கட் வாங்கினேன் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

மழை

‘சென்னையில் மழை’ என்றதும் பலர் அடங்கிவிடுகிறார்கள். வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்றவை கம்பெனியின் கையை மீறிய காரணங்கள் என்பது உண்மை. ஐப்பசியில் சென்னையில் மழை பெய்வதும் அதிசயமில்லை. ஆனால் சொல்லிவிட்டால் போதாது, காட்ட வேண்டும். 5.40 விமானம் போனதை ஆயுதமாக நினைக்கிறீர்கள். நல்ல ஆயுதம்தான், ஆனால் அதற்கும் பதில் உண்டு. ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர் சுற்றி வரும். உங்களை ஏற்ற வேண்டிய விமானம் அன்று காலையில் வேறெங்கோ மழையில் மாட்டியிருந்தால், அந்தத் தாமதம் உருண்டு உருண்டு மதுரைக்கு வந்து சேரும். சென்னை ஓடுபாதை காய்ந்தே இருந்தாலும் இது நடக்கும்.

எனவே ஊகத்தை விட்டுவிட்டு ஆவணத்துக்குப் போவோம். மதுரை, சென்னை இரண்டு நிலையங்களையும் நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். அது அரசு அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும். 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு: அன்று மாலை 4 முதல் 8 வரை மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விமானங்கள் எவை, எந்நேரத்துக்கு? அந்த நேரத்தில் சென்னையில் தரையிறங்கக் கட்டுப்பாடு ஏதும் இருந்ததா? உங்கள் விமானத்தின் தாமதத்துக்குப் பதிவான காரணம் என்ன? முதலில் ‘ஆபரேஷனல்’, பிறகு ‘மழை’ என்று இரண்டு காரணம் சொன்னவர்கள், பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று எழுதியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

டிராவல்ஸ் தம்பி

‘ரெண்டும் தனி டிக்கெட்’ என்று அவர் சொல்லியிருக்கிறார். மறைக்கவில்லை. நீங்களும் 11,000 மிச்சம் என்று ஒப்புக்கொண்டீர்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்றது பொறுப்பில்லாத பேச்சு. தனி டிக்கெட் என்றால் என்ன ஆபத்து என்பதை விளக்குவது அவர் தொழில் கடமை. ஆனாலும் இதை வைத்து அவர் மேல் பெரிய தொகை வாங்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர்ப் பழக்கத்துக்காகச் சொல்லவில்லை, வழக்கின் கணக்கே அப்படி இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. அவரை விட்டுவிட்டால் கம்பெனி ‘ஏஜென்ட் தப்பு’ என்று கை காட்டும். அதனால் அவரை எதிரியாக்காமல் சாட்சியாக்கப் பாருங்கள். வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரு காபி கொடுத்து, இரண்டு டிக்கெட்டும் எப்போது எப்படிப் போட்டேன், என்ன சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அப்போது யோசிக்கலாம். வழக்கு நடக்கும்போதே அவரைச் சேர்க்க மனு போட முடியும். அந்த வாட்ஸ்அப் ஒலிப்பதிவை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். புதுப் போன் வாங்கினால் பழையதைக் கொடுத்துவிடவும் வேண்டாம். மின்னணு ஆதாரங்களுக்கு 2023ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்று இணைப்போம், மூலம் கையில் இருப்பது நல்லது.

பெட்டி

இது வேறு கம்பெனி, வேறு சட்டக் கணக்கு. இதற்கு மதுரை விமானத்தோடு சம்பந்தமில்லை. பன்னாட்டுப் பயணத்தில் 1999ஆம் வருட மான்ட்ரியால் உடன்படிக்கை பொருந்தும். பெட்டி சேதமாகி வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார். தாமதமாக வந்தால் 21 நாளுக்குள். கெடு தாண்டினால் அனேகமாகக் கதவு மூடிவிடும். விமான நிலையத்தில் கொடுத்த ‘பெட்டி காணோம்’ தாள் மட்டும் போதும் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், போதாது. பெட்டி உடைந்து வந்தபோது அதைத் தனியாக எழுத வேண்டும். நல்ல வேளை, உங்கள் மகள் பெட்டி வந்த ஐந்தாம் நாள் படங்களோடு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதைச் செய்திருக்கிறாள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

பெட்டியின் விலை, பாழான துணி, பெட்டி இல்லாத நான்கு நாளில் வாங்கிய உடுப்பு, மருந்து, இவற்றுக்கு பில் இருந்தால் கேட்கலாம். லேகியத்துக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டிலை விமானப் பெட்டிக்குள் வைத்தது நம் தப்பு என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

எங்கே, எவ்வளவு

சென்னைக்கு அலைய வேண்டாம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இணையம் வழியாகவும் பதியலாம். வாங்கிய சேவைக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆசிரியையாக இருந்தவர், நீங்களே எழுந்து பேசலாம். கெடு, சம்பவம் நடந்து 2 வருடம். ஐந்து மாதம் ஓடிவிட்டது, அவசரம் இல்லை, ஆனால் ஆறப் போடவும் வேண்டாம்.

அதற்கு முன்னால் உள்நாட்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், பதில் சரியில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு. கூடவே அரசின் ஏர் சேவா தளத்திலும் பதியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. டிஜிசிஏ உங்களுக்குத் தீர்ப்பு எழுதிப் பணம் வாங்கித் தராது, அதை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

25 லட்சம் கேட்கச் சொன்ன உங்கள் தம்பி மகனுக்கு: கேட்கக் காசு செலவில்லை என்பதற்காக வாய்க்கு வந்ததைக் கேட்கக் கூடாது. ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரிய எண்ணைப் பார்த்ததும் மனுவின் மேலேயே சந்தேகப்படுவார்கள். 98,000 ரூபாய் கைச்செலவு, பில்லோடு. அதற்கு மேல் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை. பேத்தி பிறந்த சேதியை லாட்ஜில் போனில் கேட்டீர்கள் என்பதை மனுவில் ஒரே வரியில் எழுதினால் போதும், நீட்ட வேண்டாம். முழுப் பணமும் வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். தனி டிக்கெட் எடுத்தது உங்கள் விருப்பம் என்று சொல்லிப் பாதியாகக் குறைக்கலாம். சட்டத்தில் சில மாதங்கள் என்று கெடு இருந்தாலும் நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். நடுவில் கம்பெனி சமரசத்துக்கு வந்து 50,000, 60,000 என்று பேசினால், கதவைச் சாத்தாமல் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பீரோவைத் திறந்து பயணக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுங்கள். அமெரிக்கா போகிறவர்கள் மருத்துவச் செலவுக்காக ஒன்று எடுத்திருப்பார்கள், அதோடு அதை மறந்துவிடுவார்கள். பல பாலிசிகளில் இணைப்பு விமானம் தவறினால், பெட்டி தாமதமானால் என்று தனித்தனி வரிகள் இருக்கும். உள்நாட்டுப் பயணத்தின் தாமதம் அதில் சேருமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், பெட்டிக்காவது கிடைக்கலாம். ஐந்து மாதம் தாமதமாகக் கேட்கிறோமே என்று கூச வேண்டாம். தாமதத்தை மட்டும் காரணமாகச் சொல்லி நியாயமான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

சரி, அடுத்த ஐப்பசி. எத்தனை மணி நேரம் விடுவது என்று கேட்டீர்கள். தனி டிக்கெட் என்றால் எத்தனை மணி நேரம் விட்டாலும் போதாது, ஒரு ராத்திரி விடுங்கள். அதற்கு விமானமே வேண்டாம். விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ரயிலில் ஏறினால் பகலிலேயே சென்னை. உறவுக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ படுத்து எழுந்து மறுநாள் நிதானமாகப் போகலாம். அது பிடிக்கவில்லை என்றால் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ டல்லாஸ் வரை ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நேரடி விமானம் இருக்கிறது. டிக்கெட் வந்ததும் ஒன்றை மட்டும் பாருங்கள்: இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட் எண்ணா? கவுன்டரில் பெட்டிக்கு ஒட்டும் சிட்டையில் கடைசி ஊர் டல்லாஸ் என்று இருக்கிறதா? சென்னை என்று இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

லேகியத்தை இந்தத் தடவை எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். டைரியையும் பென்சிலையும் கைப்பையிலேயே வையுங்கள்.